ரயிலில் ஆட்டோ அப்கிரேடு: கட்டணமில்லா வகுப்பு உயர்வில் கவனிக்க வேண்டியவை

ஸ்லீப்பர் வகுப்பில் டிக்கெட் எடுத்த ஒருவருக்கு, கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலுத்தாத நிலையில், குளிர்சாதனப் பெட்டியில் படுக்கை ஒதுக்கப்பட்டிருப்பதாகக் குறுஞ்செய்தி வருவதுண்டு. இந்திய ரயில்வே 2006-ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்திவரும் ஆட்டோ அப்கிரேடேஷன் திட்டத்தின் விளைவு அது. பெரும்பாலோர் இதை அதிர்ஷ்டமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பலருக்கு அப்படியே அமைந்தும் விடுகிறது. ஆயினும், வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், இரண்டு மூன்று டிக்கெட்டுகளாகப் பிரிந்து குடும்பத்தோடு பயணம் செய்பவர்கள், நள்ளிரவில் சிறிய நிலையத்தில் இறங்க வேண்டியவர்கள் ஆகியோர், இதற்கு ஒப்புதல் தருவதற்கு முன் திட்டம் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு ரயிலில் தேர்டு ஏ.சி. வகுப்பில் சில படுக்கைகள் விற்பனையாகாமல் இருக்கின்றன. அதே ரயிலின் ஸ்லீப்பர் வகுப்பில் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ட் எனப்படும் இறுதி இட ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தயாரிக்கும் நேரத்தில் முன்பதிவுக் கணினி, ஸ்லீப்பரில் இடம் உறுதியான சிலரைத் தேர்டு ஏ.சி.க்கு மாற்றிவிட்டு, அவர்கள் விட்டுச்சென்ற படுக்கைகளைக் காத்திருப்போருக்கு வழங்குகிறது. இந்தத் தேர்வைக் கணினியே செய்கிறது. டிக்கெட் பரிசோதகருக்கு இதில் பங்கில்லை. ஆகவே, நடைமேடையில் டி.டி.இ.யிடம் சென்று அப்கிரேடு கேட்பதால் பயன் எதுவும் இல்லை. உயர்வு ஒரே படியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2025 மே மாதத்தில் ரயில்வே வாரியம் வெளியிட்ட விளக்கத்தின்படி, அதிகபட்சம் இரண்டு வகுப்புகள் வரை உயர்த்தலாம். ஆனால் ஃபர்ஸ்ட் ஏ.சி.க்கு, செகண்ட் ஏ.சி.யில் டிக்கெட் எடுத்தவர்களை மட்டுமே மாற்ற முடியும்.

முழுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமே இந்தத் திட்டம் பொருந்தும். சலுகைக் கட்டண டிக்கெட்டிலோ இலவசப் பாஸிலோ பயணம் செய்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. இந்த விதியின் பக்கவிளைவு ஒன்று பலரது கவனத்துக்கு வருவதில்லை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை நடைமுறையில் இருந்தவரை, சலுகை டிக்கெட் எடுத்த முதியவர்கள் இயல்பாகவே இந்த மாற்றத்துக்கு வெளியே இருந்தார்கள். 2020 மார்ச் மாதத்தில் அந்தச் சலுகை நிறுத்தப்பட்ட பிறகு, அவர்களும் முழுக் கட்டணப் பயணிகளாகிவிட்டதால், கணினி மாற்றத்தக்கவர்களின் வரிசையில் அவர்களும் சேர்ந்துவிட்டார்கள். சலுகையும் போய், கிடைத்திருந்த கீழ் படுக்கையும் கைமாறிப் போகக்கூடிய நிலை இது.

திட்டத்தின் நோக்கம் காலியான இடத்தை நிரப்புவதும், காத்திருப்போர் பட்டியலைக் குறைப்பதும்தான். அதில் தவறொன்றும் இல்லை. காத்திருந்தவருக்குப் பயணம் உறுதியாகிறது, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிலை ரயில்வேக்கு ஏற்படுவதில்லை. ஆனால் மேல் வகுப்புக்கு மாற்றப்படுபவர் தான் தேர்ந்தெடுத்த இடத்தை விட்டுக்கொடுத்துத்தான் அந்த ஏற்பாட்டுக்கு உதவுகிறார் என்பதை, 'இலவசம்' என்ற சொல் எளிதில் மறைத்துவிடுகிறது.

முதலாவதாக இழக்க நேர்வது படுக்கை விருப்பத்தைத்தான். முன்பதிவின்போது கீழ் படுக்கை கேட்டு, அது கிடைத்தும் இருக்கலாம். வகுப்பு மாறும்போது, அந்த நேரத்தில் மேல் வகுப்பில் எந்தப் படுக்கை மிச்சமிருக்கிறதோ அதுதான் தரப்படும். எல்லோரும் கேட்கும் கீழ் படுக்கைகள் முன்னதாகவே போய்விடுவதால், கடைசியில் எஞ்சுபவை பெரும்பாலும் நடு, மேல், பக்கவாட்டு மேல் படுக்கைகளாகவே இருக்கின்றன. ஸ்லீப்பரில் ஒரு பெட்டிக்கு 6 அல்லது 7, தேர்டு ஏ.சி.யில் 4 அல்லது 5, செகண்ட் ஏ.சி.யில் 3 அல்லது 4 கீழ் படுக்கைகள், மூத்த குடிமக்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்று ஒதுக்கப்படுகின்றன. அந்த ஒதுக்கீட்டில் பெற்ற கீழ் படுக்கை, வகுப்பு உயர்ந்த பிறகும் கீழ் படுக்கையாகவே தொடரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முழங்கால் வலியுள்ள எழுபது வயதுத் தாய்க்கு, ஸ்லீப்பரின் கீழ் படுக்கையைவிடக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் படுக்கை எந்த வகையிலும் உயர்ந்ததாக இருக்க முடியாது. இரவில் இரண்டு முறை கழிப்பறைக்குச் செல்ல வேண்டியிருந்தால், அந்த ஏணியில் நான்கு முறை ஏறி இறங்குவது யார்?

குறுஞ்செய்தி வந்தவுடன் புதிய படுக்கை எது என்று பார்ப்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஸ்லீப்பரிலும் தேர்டு ஏ.சி.யிலும் படுக்கை எண்ணை 8-ஆல் வகுத்தால், மீதி 1 அல்லது 4 என்றால் கீழ் படுக்கை, 2 அல்லது 5 என்றால் நடுப் படுக்கை, 3 அல்லது 6 என்றால் மேல் படுக்கை. மீதி 7 என்றால் பக்கவாட்டுக் கீழ், மீதியின்றி வகுபட்டால் பக்கவாட்டு மேல். எஸ்5 என்ற ஸ்லீப்பர் பெட்டியில் 25 என்ற எண் கிடைத்திருந்தவர் கீழ் படுக்கைக்காரர்; அவரே பி2 என்ற தேர்டு ஏ.சி. பெட்டியில் 30-க்கு மாற்றப்பட்டால் மேல் படுக்கைக்காரர் ஆகிவிடுகிறார். செகண்ட் ஏ.சி.யில் நடுப் படுக்கை இல்லாததால் அங்கே 6-ஆல் வகுக்க வேண்டும்: மீதி 1 அல்லது 3 கீழ், 2 அல்லது 4 மேல், 5 பக்கவாட்டுக் கீழ், மீதியில்லையென்றால் பக்கவாட்டு மேல்.

அடுத்த சிக்கல், மாறியதே தெரியாமல் ரயில் ஏறுவது. பி.என்.ஆர். எனப்படும் முன்பதிவு எண் மாறுவதில்லை, கையிலிருக்கும் டிக்கெட்டிலும் பழைய பெட்டியும் பழைய எண்ணுமே அச்சாகியிருக்கும். முன்பதிவின்போது கொடுத்த கைபேசி எண் முகவருடையதாகவோ வெளியூரில் இருக்கும் மகனுடையதாகவோ இருந்தால், குறுஞ்செய்தி பயணிக்கு வந்து சேராது. அவர் வழக்கம்போல எஸ்5-இல் ஏறி 25-ஆம் படுக்கைக்குச் சென்றால், காத்திருப்போர் பட்டியலிலிருந்து இடம் பெற்ற இன்னொருவர் முறையாக அங்கே அமர்ந்திருப்பார். அவரை எழுப்பும் உரிமை முதலாமவருக்கு இல்லை. வாக்குவாதம் முடிந்து, பரிசோதகர் வந்து பார்த்து, பி2-க்குப் போகச் சொல்லும்போது ரயில் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். அதற்குள், பி2-இல் ஆள் ஏறவில்லை என்று அங்குள்ள பரிசோதகர் தம் கையடக்கக் கருவியில் பதிவு செய்திருந்தால், அந்தப் படுக்கை ஆர்.ஏ.சி.யில், அதாவது முழுப் படுக்கை இன்னும் உறுதியாகாமல் இருக்கும் ஒருவருக்குப் போய்விடவும் கூடும். இடம் உறுதியாகி இருந்தாலும் ரயிலுக்குப் புறப்படும் முன் பி.என்.ஆர். நிலையை ஒருமுறை பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது. முன்பு ரயில் புறப்படுவதற்கு ஏறத்தாழ 4 மணி நேரத்துக்கு முன் தயாரான முதல் சார்ட், 2025-இல் கொண்டுவரப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு அதைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே தயாராகிவிடுவதால், வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிட முடியும்.

பெட்டி மாறினால் நடைமேடையில் நிற்க வேண்டிய இடமும் மாறும். எல்.எச்.பி. என்ற நவீன வகைப் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். 22 பெட்டிகள் கொண்ட ரயில் என்றால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. எழும்பூரில் ஏறுபவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஓரிரு நிமிடங்களே வண்டி நிற்கும் இடைநிலையத்தில், பெட்டி படுக்கைகளோடும் குழந்தையோடும் தவறான முனையில் நிற்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். இறங்கும்போதும் இதே நிலைதான்: கூட்டிச் செல்ல வந்தவர் ஸ்லீப்பர் பெட்டிகள் நிற்கும் பக்கம் காத்திருப்பார்.

குழுவாகச் செல்வோருக்கான விதியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே பி.என்.ஆரில் இருப்பவர்கள் அனைவரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் எவரையும் மாற்றக் கூடாது. இதனால் ஒரே டிக்கெட்டில் செல்பவர்கள் வேறு வேறு வகுப்புகளுக்குப் பிரிவதில்லை. ஆனால் அதே வகுப்புக்குள் பி1-இல் இருவர், பி4-இல் ஒருவர் என்று சிதற நேரலாம். உண்மையான பிரச்சினை அதற்கு வெளியே இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர், தட்கலில் 4 பேர் மட்டுமே இடம்பெற முடியும் என்பதால், திருமணத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ செல்லும் 9 பேர் கொண்ட குடும்பம் இரண்டு டிக்கெட்டுகள் எடுத்தே ஆக வேண்டும். அவை இரண்டும் ஒரே குடும்பத்தினுடையவை என்று கணினி கணக்கில் கொள்வதில்லை. ஒரு டிக்கெட்டில் இருந்த மூவர் தேர்டு ஏ.சி.க்குப் போய், மற்ற ஆறு பேர் ஸ்லீப்பரிலேயே தங்கிவிட்டால், கட்டுச்சோறு ஒரு பெட்டியிலும் அதைச் சாப்பிட வேண்டியவர்கள் இன்னொரு பெட்டியிலும் இருப்பார்கள். ஸ்லீப்பர் டிக்கெட் வைத்திருப்பவர் குளிர்சாதனப் பெட்டிக்குள் சென்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவும் முடியாது. இப்படிப் பிரித்து டிக்கெட் எடுப்பவர்கள் எல்லா டிக்கெட்டுகளிலும் 'வேண்டாம்' என்று குறிப்பிட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

குளிர்சாதனப் பெட்டி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. சளி, மூச்சிரைப்பு உள்ளவர்களும், காற்றோட்டமில்லாத இடத்தில் குமட்டல் வருபவர்களும் ஜன்னலைத் திறந்துவைப்பதற்காகவே ஸ்லீப்பரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போர்வையும் தலையணையும் அங்கே கிடைக்கும் என்பது உண்மைதான். செகண்ட் ஏ.சி.யிலிருந்து ஃபர்ஸ்ட் ஏ.சி.க்குச் செல்வதில் வேறொரு சங்கடம் உண்டு. அங்கே இருவர் அல்லது நால்வர் தங்கும், கதவு மூடிய அறைகளே இருக்கின்றன. தனியாகச் செல்லும் பெண் ஒருவர், முன்பின் தெரியாத ஆண்களோடு மூடிய அறைக்குள் இரவைக் கழிப்பதைவிட, திரைச்சீலை மட்டுமே உள்ள செகண்ட் ஏ.சி.யை விரும்பினால் அது முற்றிலும் நியாயமானதே.

பண விஷயத்தில் விதிகள் பயணிக்குப் பாதகமாக இல்லை. வகுப்பு உயர்ந்த பிறகு பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால், முதலில் டிக்கெட் எடுத்த வகுப்புக்குரிய ரத்துக் கட்டணமே கணக்கிடப்படும். ஆனால் செலுத்தாத கட்டணத்துக்கு உரிமை கோரவும் முடியாது. ஓடும் ரயிலில் குளிர்சாதனம் பழுதானால், தேர்டு ஏ.சி. கட்டணம் செலுத்தியவருக்கு ஸ்லீப்பர் கட்டணத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் திரும்பக் கிடைக்கும். ஸ்லீப்பர் கட்டணத்தில் அங்கே வந்தவருக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை. திறக்க முடியாத ஜன்னலோடு அவரும் வெந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

வேண்டாம் என்பவர்கள் அதை முன்பதிவின்போதே தெரிவிக்க வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலும் செயலியிலும், பயணிகளின் பெயர்களை நிரப்பும் பக்கத்திலேயே, ஆட்டோ அப்கிரேடுக்கு உங்களைக் கருத்தில் கொள்ளலாமா என்று கேட்கும் சிறு கட்டம் இருக்கிறது. அதில் குறியிடாமல் விட வேண்டும். கவுண்டரில் கொடுக்கும் படிவத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே இந்தக் கேள்விக்கு எதிரே எதையும் எழுதாமல் விட்டால், முழுக் கட்டணப் பயணி சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறார். அவசரத்தில் பெயர், வயது, ரயில் எண் ஆகியவற்றை மட்டும் நிரப்பிக் கொடுப்பவர்கள் அனைவரும் இப்படித் தாமறியாமலே ஒப்புதல் தந்தவர்கள். படிவத்தில் 'இல்லை' என்று தெளிவாக எழுத வேண்டும். முகவர் மூலம் எடுத்தால், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாறாக, மேல் வகுப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குறைந்த வகுப்பில் டிக்கெட் எடுப்பதும் பலன் தராது. பொங்கல், தீபாவளி, தொடர் விடுமுறை நாட்களில் தென்மாவட்ட ரயில்களின் குளிர்சாதனப் பெட்டிகளிலேயே காத்திருப்போர் பட்டியல் இருக்கும். காலியிடம் இல்லாத வகுப்புக்கு யாரையும் உயர்த்த முடியாது.

இதை விகல்ப் திட்டத்தோடு குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். விகல்ப் என்பது, காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்டவர்களுக்கு அதே தடத்தில் செல்லும் வேறொரு ரயிலில் இடம் தருவது. அதற்கான விருப்பம் தனியாகப் பெறப்படுகிறது. ஆட்டோ அப்கிரேடு வேண்டாம் என்று குறிப்பிட்டவரும் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.