தம்பி, அந்த டீபாண்டரைக் கீழே வை

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் திருநகரிலிருந்து ஒரு பையனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்தாறு வயது. இடது கண்ணை ஈரத் துண்டால் பொத்தியிருந்தான். "ஃபெவிக்விக் பட்டுருச்சு டாக்டர்" என்றான். கண் டாக்டருக்கு இது அன்றாடம் கேட்கிற வார்த்தை. ஆனால் துண்டை எடுத்ததும் மூக்கில் ஏறியது நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை.

"இது என்னப்பா?"

"டீபாண்டர் டாக்டர். பசையைக் கரைக்கிறது. பட்ஸில் தொட்டு இமை ஓரமா லேசா தேச்சேன்."

நான் கத்திவிட்டேன். அவன் அம்மா மிரண்டுபோய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவரிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன், அவனிடம் கேட்கவில்லை. டீபாண்டரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வந்தவர்களில் ஒரே வருஷத்தில் இவன் மூன்றாவது ஆள்.

என்ன வேலை செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டால், டாமியா கம்பெனியின் ஃபெராரி எஃப்40, நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் மாடல் கிட். அதே கார் என் மேஜையிலும் ஆறு மாதமாகப் பாதியில் கிடக்கிறது. வெள்ளெழுத்து வந்த பிறகு இந்தப் பைத்தியத்தை விட்டிருக்க வேண்டும், விடவில்லை. ஆகவே இதை வெறும் டாக்டராக எழுதவில்லை. உங்கள் மேஜையில் என்னென்ன கிடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

கிட்டைப் பெட்டியில் இருக்கிறபடியே கட்டினால் சூப்பர் க்ளூ அநேகமாகத் தேவையே இல்லை. பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ஆனால் எஃப்40 மாதிரி ஒரு காரை யார்தான் பெட்டியில் இருக்கிறபடி விடுவார்கள்? நிஜக் கார் 1987-இல் வந்தது, கம்பெனியின் நாற்பதாவது வருஷத்துக்காக. என்ஸோ ஃபெராரி சாவதற்கு முன் ஒப்புதல் கொடுத்த கடைசிக் கார். உள்ளே கார்பெட் கிடையாது. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் இழுக்கிற ஒரு கம்பி. கெவ்லார் என்ற கெட்டியான இழையின் நெசவு வெளியே தெரியும்படி அப்படியே விட்டிருப்பார்கள். நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அந்தக் காரைப் பதினெட்டு சென்டிமீட்டருக்குச் சுருக்கும்போது பிளாஸ்டிக் அச்சில் இதெல்லாம் மழுங்கிப் போகும். அதனால்தான் நெசவு டெக்கல் (ஒட்டுப்படம்), துணி சீட் பெல்ட், கடைந்த அலுமினியச் சக்கரம், பிளக்குக்குத் தலைமுடி மாதிரி வயர், ஃபோட்டோ எட்ச் தகட்டில், அதாவது ரசாயனத்தால் அரித்து வடிவம் எடுத்த மெல்லிய பித்தளைத் தகட்டில், இரண்டு மில்லிமீட்டர் பெல்ட் பக்கிள் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். கிட்டின் விலையை எக்ஸ்ட்ரா பாகங்களின் விலை தாண்டிவிடும். வீட்டில் சொல்வதில்லை.

இந்தப் பித்தளையும் ரெசினும் பிளாஸ்டிக் சிமென்டுக்குக் கட்டுப்படாது. இப்படித் தனியாக வாங்குகிற ஆஃப்டர்மார்க்கெட் பாகம் வீட்டுக்குள் வருகிற அன்றைக்கே சூப்பர் க்ளூவும் மேஜைக்கு வந்துவிடுகிறது. கூடவே டீபாண்டரும்.

இந்தப் பையனின் பாட்டில் மூக்கு அடைத்திருந்திருக்கிறது. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குண்டூசியால் குத்தி, அமுக்கியிருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது.

இனி நான் சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். விவரம் தெரியாதவர்கள் கண்ணில் பசை பட்டால் அழுதுகொண்டு ஓடி வருகிறார்கள். நாலு நாளில் சரியாகிவிடுகிறது. விவரம் தெரிந்த நம் ஆட்கள்தான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். விரலில் ஒட்டினால் டீபாண்டர் கரைக்கிறது, ஆகவே கண்ணிலும் கரைக்கும் என்று ஒரு கணக்கு. கரைக்கும்தான். விரலில் இருப்பது காய்த்துப்போன தோல். கருவிழியின் மேல் இருப்பதோ வெங்காயச் சருகை விட மெல்லிய ஒரு படலம். அந்தப் பாட்டில்கள் பலவற்றில் இருப்பது அசிட்டோன். பசை அதில் கரைவதற்கு முன்னால் அந்தப் படலம் உரிந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரும் அதே ரகம்தான். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதுவும் கூடாது. "ஒரே ஒரு சொட்டு" என்பதும் கூடாது. "இமை மேலதான் டாக்டர், உள்ளே விடலை" என்பது இவன் சொன்னது. இமை மேல் வைத்தது உள்ளே போகாமல் நிற்க அது என்ன வைகை அணையா?

சரி, கரைக்காவிட்டால் பசை என்ன ஆகும்? தானாக விட்டுவிடும். இந்தப் பசை ஈரம் பட்டால் இறுகுகிற சாமான். கண்ணீரில் பட்ட நொடியே இறுகி ஒரு சில்லாகிவிடும். ஈரமான கருவிழியில் அதற்குப் பிடிமானம் கிடையாது. பெரும்பாலும் சில நாளில் தானே கழன்று வரும். மேல் இமையும் கீழ் இமையும் ஒட்டிக்கொண்டு பூட்டுப் போட்ட மாதிரி இருப்பதைப் பார்த்துத்தான் கண் போய்விட்டது என்று பதறுகிறார்கள். ஒட்டியிருப்பது பெரும்பாலும் இமை முடிகள். நாங்கள் மருந்துக் களிம்பு தடவி, தேவைப்பட்டால் நாலு முடியை வெட்டி, சில்லை எடுத்துவிடுவோம். முடி முளைத்துக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், கருவிழியில் சின்ன ஓட்டை விழுந்தால் அதை அடைக்க நாங்களே இந்தப் பசையின் உறவுக்காரனைத்தான் வைக்கிறோம். 1942-இல் துப்பாக்கிக் குறி பார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்து, தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று தூக்கிப் போட்ட சரக்கு இது. 1958-இல்தான் கடைக்கு வந்தது. பசையைக் கண்டு நான் பயப்படுவதில்லை. கரைக்க நினைக்கிற கையைக் கண்டுதான் பயம்.

பட்டுவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். குழாயடிக்குப் போய் வெதுவெதுப்பான தண்ணீரோ சாதாரணத் தண்ணீரோ கால் மணி நேரம் ஓடவிட்டுக் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கால் மணி. இரண்டு கை அள்ளி அடித்துவிட்டு வருவது கழுவுவது ஆகாது. இமையைப் பிரித்து இழுக்காதீர்கள். பஞ்சால் துடைக்காதீர்கள், நிறையப் பசை பஞ்சில் பட்டால் சுட்டுப் புண்ணாக்குகிற அளவுக்குச் சூடேறும். விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் வேண்டவே வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டிராப்ஸ் வாங்கி விட்டுக்கொள்ளவும் வேண்டாம். பல டிராப்ஸில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பு குறையும், உறுத்தல் அடங்கும், உள்ளே பூஞ்சை குஷியாக வளரும். நெல் உமி பட்ட கண்ணில் இந்தக் கதையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். நேராக ஒரு கண் டாக்டரிடம் வாருங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள்.

பாட்டில் மூக்கிலிருந்து நேராகப் பாகத்தின் மேல் பசை விடுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒரு பழைய டைல்ஸ் துண்டில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தையல் ஊசிக் காதின் நுனியை வெட்டினால் குட்டிக் கவட்டை மாதிரி ஆகும். அதில் பசையைத் தொட்டு எடுத்துப் பாகத்தின் ஓரத்தில் வையுங்கள், தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். (ஊசியைத் துணிக்குள் வைத்து வெட்டுங்கள், நுனி பறக்கும்.) கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் பக்கத்தில் சூப்பர் க்ளூ போகவே வேண்டாம், ஆவி பட்டு வெள்ளை பூத்துவிடும், வெள்ளை ஃபெவிகால் போதும். பேட்ஜ் மாதிரி பளு தாங்காத எட்ச் துண்டுகளுக்குக் கிளியர் வார்னிஷ் ஒரு பொட்டு போதும்.

எட்ச் துண்டுகளைத் தகட்டிலிருந்து நிப்பரால் (வெட்டுகிற குட்டிக் குறடு) அந்தரத்தில் வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "பவர் கண்ணாடி போட்டிருந்தேன் டாக்டர்" என்பார்கள். பக்கவாட்டில் திறந்திருக்கிற கண்ணாடியும் தலையில் மாட்டுகிற லென்ஸும் பார்க்க உதவும், காக்காது. தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆசாரியின் விரல் அறுக்கிற துண்டை விட்டு நகராது. தங்கம் பறந்தால் நஷ்டம் என்ற பயம் அது. அதில் பாதிப் பயம் கண்ணுக்காக உங்களுக்கு இருந்தால் போதும். தகட்டை டைல்ஸ் மேல் வைத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, கத்தியை அழுத்தி வெட்டுங்கள். நிப்பர்தான் வேண்டும் என்றால் கையையும் தகட்டையும் ஜிப் கவருக்குள் விட்டு வெட்டுங்கள். கத்தி முனையால் எதையும் நெம்பாதீர்கள். தெறித்த முனை கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விட்டால் அது வேறு கதை, ஆபரேஷன் கதை. அப்படிச் சந்தேகம் இருந்தால் கண்ணைக் கழுவவோ அமுக்கவோ கூடாது. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதலில் இந்த விஷயத்தைச் சொல்லுங்கள், அந்தக் காந்தம் இரும்பு முனையை இழுத்துவிடும்.

காரின் பளபளப்புக்காக ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே கிளியர் வார்னிஷ் பற்றி நுரையீரல் டாக்டர்கள்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும்: அதிலிருக்கிற ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், என்95 மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மூடிய அறையில் அடிக்காதீர்கள்.

திருநகர்ப் பையனுக்குக் கருவிழிப் படலம் பாதி உரிந்திருந்தது. புண்ணை மூடுகிற பேண்டேஜ் லென்ஸ் வைத்து மருந்து கொடுத்து அனுப்பினேன். நாலாவது நாள் லென்ஸை எடுத்தபோது ஆறியிருந்தது, கடைசி வரிசை எழுத்தைப் படித்துவிட்டு, "மேடம், அந்தப் பக்கிளை இனிமே ஒட்டலாமா?" என்றான். முறைத்தேன்.

அவனுக்கு முன்னால் கண்ணில் பசையோடு வந்தது ஒரு அப்பத்தா. கண் அழுத்த நோய். அவருக்குக் கொடுக்கிற சொட்டு மருந்தைப் பிரிக்கும்வரை குளிரில் வைக்க வேண்டும். அவர் பிரித்த பிறகும் அங்கேயே வைத்திருந்தார். பேரன் பசை கெட்டியாகாமல் இருக்க அதையும் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தான். மதுரை மே மாத வெயிலில் நாம் எல்லோரும் செய்கிறதுதான். கதவுத் தட்டில் அடுத்தடுத்து இரண்டு குட்டி வெள்ளை பாட்டில்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, விளக்கைக்கூடப் போடாமல், பழக்கத்தில் எடுத்து விட்டுக்கொண்டார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தப் பாட்டிலையும் நம்பாமல் ஒரு வாரம் மருந்தே போடாமல் இருந்திருக்கிறார்.

பசையை ஒரு டிஃபன் டப்பாவில் போட்டு மூடி, சிவப்பு டேப் சுற்றி, மருந்து இல்லாத வேறு தட்டில் வைக்கும்படி பேரனுக்குப் பத்து நிமிஷம் பாடம் எடுத்து அனுப்பினேன். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், கதவுத் தட்டில் மாமியாரின் சொட்டு மருந்து. அதன் மேல் சாய்ந்தபடி என் சூப்பர் க்ளூ.