புது கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன் சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கத்திரி வெயில் நேரம். தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் சிபியுவை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்தார்கள். "கேம் நல்லாத்தான் ஓடுது அண்ணா. இருபது நிமிஷம் ஆனா எஃப்.பி.எஸ். அப்படியே விழுந்துடுது" என்றான் பையன். எஃப்.பி.எஸ். என்றால் ஒரு நொடிக்குத் திரையில் வரும் ஃப்ரேம்களின், அதாவது படங்களின், எண்ணிக்கை. வேறொரு கடையில் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். முப்பதாயிரம் ஆகும் என்ற கணக்கில் அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு அந்த இருபது நிமிஷம்தான் துப்பு. கார்டுக்கு வலு போதாது என்றால் கேம் தொடக்கத்திலேயே திணறும். நன்றாக ஓடிவிட்டு அப்புறம் படுத்தால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கேமை ஓடவிட்டோம். திரையின் மூலையிலேயே வெப்பம், வேகம் எல்லாம் தெரியும். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டது. அடுத்த நொடியே 4 கிகாஹெர்ட்ஸில் ஓடியது 2-க்கு இறங்கியது, 110-இல் இருந்த ஃப்ரேம் 45 ஆனது. இது பழுது இல்லை. கருகிப் போகாமலிருக்க ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பல இன்டெல் ப்ராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி, ஏ.எம்.டி.யின் பல ரைசன் ப்ராசஸர்களுக்கு 95.

மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. கடலோர வீடுகளில் இது சாதாரணத் தூசி இல்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும், வெறுமனே ஊதினால் போகாது. பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். ப்ராசஸரின் சூட்டை அந்தத் தகடுகளுக்குக் கடத்த அதன் மேல் தடவியிருந்த பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்து உதிர்ந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். நிறைய வைத்தால் நன்றாகக் குளிரும் என்று அப்பிவிடாதீர்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

மறுபடி ஓட்டினோம். ஒரு மணி நேரம் கழித்தும் 78 டிகிரி. "அப்போ கார்டு, சார்?" என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். சிபியு வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கம்ப்யூட்டர் டேபிளின் கதவு போட்ட அறைக்குள்ளாம்! வெளியே தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. கதவைக் கழற்றச் சொன்னேன்.

எல்லாப் பிரச்சினையும் சூடு இல்லை, சரி. ஆரம்பம் முதலே மந்தமாக இருந்தால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியவர்கள் என் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். ராம் எனும் நினைவகம் ஒரே ஒரு குச்சியாக இருந்தாலும் சில கேம்களில் வேகம் நன்றாகவே குறையும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகித்தான் ஆட வேண்டும்.

இன்னொரு வகை, 60 என்றே காட்டும், ஆனால் வெட்டி வெட்டிப் போகும். 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிசெகண்ட். நடுவில் ஒன்று மட்டும் 80 எடுத்தால் கண்ணுக்குத் தெரியும், சராசரியில் தெரியாது. அதற்கு ஆஃப்டர்பர்னரில் ஃப்ரேம் டைம் கோட்டை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்த நேரத்தைக் காட்டும் கோட்டை, பாருங்கள். கேம் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

போன வாரம் அந்தப் பையன் போன் செய்தான். ஃப்ரேம் விழவில்லையாம். கதவைக் கழற்றிய அறைக்குள் சூடான காற்றுக்கு அவன் வீட்டுப் பூனை வந்து படுத்துக்கொள்கிறதாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருந்தேன், மூன்று மாதத்திலேயே கொண்டுவா என்று மாற்றிச் சொல்லிவிட்டேன்.