அகழியைத் தூர்வாரும் முன்

இங்கிலாந்தின் கிழக்கே ஒரு பண்ணை. வீட்டுக்குப் பின்னால் சதுரமாக ஓடும் பழைய அகழி, அதை ஒட்டி மேடு தட்டிய மூன்று மீன்குளங்கள். தொல்லியல் ஆய்வுக்காக நான் போய்ச் சேர்வதற்குள் ஜேசிபி இரண்டு குளங்களைத் தூர்வாரி முடித்திருந்தது. உரிமையாளர்மேல் எனக்குக் கோபமில்லை. வாத்து நீந்தத் தண்ணீர் நிற்கட்டும் என்றுதான் செய்திருக்கிறார்.

கரையில் கொட்டிய சேற்றில் மணிக்கட்டுத் தடிமனில் ஓர் ஓக் மர முளைக்குச்சி கிடந்தது. கூராக்கிய முனையில் கோடாரி பட்ட தடங்கள் நேற்றுச் செதுக்கியதுபோல் இருந்தன. தேன் நிறத்தில் இருந்த மரம் காற்றுப் பட்டதும் கண் முன்னே கறுத்தது. அது மதகைத் தாங்கியதா, கரையைத் தாங்கியதா? இனிச் சொல்ல வழியில்லை.

அகழி சூழ்ந்த இடைக்கால மனைகள் இங்கிலாந்தில் சுமார் 6,000 தெரியவந்திருக்கின்றன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. அகழி என்றதும் முற்றுகையும் போரும் நினைவுக்கு வரும். இவற்றில் பலவும் வசதியான நிலக்கிழார்கள் தங்கள் அந்தஸ்தைக் காட்ட வெட்டியவை. மீன்குளமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை, தவக்காலம் என்று வருஷத்தில் பல நாள் இறைச்சி கூடாது. எளியவர்களுக்கு உப்பிட்ட ஹெர்ரிங் என்ற கடல்மீன். பெரிய வீட்டு விருந்துக்குப் பிரீம், பைக் போன்ற நன்னீர் மீன்கள். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, கரை போட்டு, மதகு வைத்து, பெரிய குளத்தில் வளர்ந்ததைச் சின்னக் குளத்துக்கு மாற்றி, வேண்டும்போது வலைவீசி எடுத்தார்கள். வாரிக்‌ஷயரின் பேட்ஸ்லி கிளின்டனுக்குப் போனால் வீடு, அகழி, மீன்குளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

சரி, சேற்றில் என்ன இருக்கிறது? காற்றுப் புகாத ஈரச்சேற்றில் மரம், தோல் செருப்பு, பழக்கொட்டை, மகரந்தம் எதுவும் எளிதில் மக்காது. ஓக் மரத்தின் வளையங்களை எண்ணி, அது வெட்டப்பட்ட ஆண்டையே சில சமயம் சொல்லிவிடலாம். ஆனால் அடுக்கு கலையாமல் இருக்க வேண்டும். குளத்தை வற்றவிட்டாலே பாதி போய்விடும்.

அதனால் இங்கே கிராமத்தில் இடம் வாங்குகிறவர்கள் முதலில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு மரபுச்சின்ன அமைப்பின் இணையதளத்தில் பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலைப் பாருங்கள், இலவசம்தான். அதில் இருக்கும் தொல்சின்னத்தில் அனுமதி இல்லாமல் தோண்டுவதும், மண் கொட்டி நிரப்புவதும், மெட்டல் டிடெக்டரோடு இறங்குவதும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நான் சொன்ன பண்ணை பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட இடம் என்றாலும் கவுன்டி (மாவட்ட) தொல்லியல் அலுவலருக்கு ஒரு போன் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது குளத்தைத் தொடாமல் விட உரிமையாளர் சம்மதித்தார். அப்புறம் அதில் குழாய் இறக்கி ஒரு மண் மாதிரி எடுத்தோம். அடியில் இருந்த கருஞ்சேற்றைச் சல்லடையில் அலசியபோது மீன் செதில்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.