அரையாண்டு விடுமுறை முதல் காணும் பொங்கல் வரை

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து தை மாதத்தின் முதல் சில நாட்கள் வரையிலான காலம் நம் ஊர்களில் ஏறக்குறைய ஒரே நீண்ட விடுமுறையாகவே கழிகிறது. பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, வைகுண்ட ஏகாதசி, சபரிமலைப் பயணம், ஊட்டி கொடைக்கானல் சுற்றுலா, பிறகு போகியில் தொடங்கிக் காணும் பொங்கல் வரை நீளும் நான்கு நாட்கள் என ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. பொது மருத்துவராக இந்த வாரங்களில் என் அறையில் நான் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம், "பொங்கல் கழியட்டும் டாக்டர், வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்பதுதான். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. பிளம் கேக்கும் சர்க்கரைப் பொங்கலும் செய்யும் கெடுதலைவிட, தள்ளிப்போடுவதால் வரும் கெடுதல் பல மடங்கு பெரியது என்பதே என் அனுபவம்.

இதற்கு வெளிநாட்டு ஆய்வுகளிலும் சான்று உண்டு. ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான 2,83,014 மாரடைப்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் மாரடைப்பு அபாயம் 37 சதவீதம் கூடுவதாகவும், அன்றிரவு பத்து மணி வாக்கில் அது உச்சத்தைத் தொடுவதாகவும் கண்டறிந்தது. 75 வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை நோயோ இதய நோயோ ஏற்கெனவே உள்ளவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டனர். அமெரிக்காவில் 1973 முதல் 2001 வரையிலான இறப்புச் சான்றிதழ்களை வைத்துச் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு, இதய நோய் இறப்புகள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் உச்சமடைவதைக் காட்டியது. குளிரை மட்டும் வைத்து இதை விளக்க முடியவில்லை. பண்டிகை நாளில் மருத்துவமனைக்குப் போவதை மக்கள் தாமதிக்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. ஸ்வீடனின் பனி நம்மிடம் இல்லை. அந்தத் தாமதம் நிறையவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாட்டுப் பொங்கல் காலையில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். மகளுக்குத் தலைப் பொங்கல். சீர்வரிசை, சம்பந்தி வீட்டார் வருகை, விருந்து என முந்தைய நாள் முழுவதும் ஓடியாடியிருக்கிறார். மாலை ஆறு மணிக்கு நடுநெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்தம் தொடங்கியிருக்கிறது. இடது தாடை வரை இழுத்திருக்கிறது. சட்டை நனையும் அளவுக்கு வியர்த்திருக்கிறது. வாயுவாக இருக்கும் என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு, புதுமாப்பிள்ளை வந்திருக்கும் வீட்டில் கலவரம் வேண்டாமென்று ஒருவரிடமும் சொல்லாமல் திண்ணையில் படுத்துக்கொண்டார். இ.சி.ஜி. எடுத்தபோது, இதயத் தசையின் ஒரு பகுதி ஏற்கெனவே செயலிழந்துவிட்டதற்கான அடையாளங்கள் தெளிவாக விழுந்திருந்தன. அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்திலேயே நன்றாகப் பலன் தரும். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் அதனால் பெரும்பாலும் பயனில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு வயலில் இறங்கி வேலை செய்ய அவரால் முடியவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா ஒரு வேளை விருந்துதானப்பா போயிருக்கும்" என்று அந்த மகள் அழுததை நான் மறக்கவில்லை.

ஆகவே நெஞ்சில் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் அழுத்தம், அதனோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும், அன்று எந்த நாளாக இருந்தாலும் 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் சோர்வும் மூச்சு வாங்குதலுமாக மாரடைப்பு வரக்கூடும் என்பதை வீட்டிலுள்ள இளையவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பொங்கலுக்குச் சொந்தக் கிராமத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கு முதலில் தர வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. நகரத்துப் பெரிய மருத்துவமனையை நோக்கி முப்பது கிலோமீட்டர் ஓடுவதற்கு முன்பு, பக்கத்திலேயே கிடைக்கக்கூடிய முதல் உதவி இது.

புத்தாண்டைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை, அதை டிசம்பர் மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள் என்பதுதான். விடுமுறைக்கு முன்பே ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, ஜனவரி இறுதி வரைக்குமான மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு வரும் நாட்களை நிம்மதியாக அனுபவிக்கலாம். "ஊருக்குப் போனதில் மாத்திரை தீர்ந்துவிட்டது, ஒரு வாரம் போடவில்லை" என்று சொல்பவர்களை ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கிறேன். எல்லா மாத்திரைகளுக்கும் ஒரு வார இடைவெளி ஒரே விளைவைத் தருவதில்லை. இதய ரத்தக் குழாயின் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துக்கொண்டவர் ரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால், அந்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளைச் சட்டென விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் முன்பைவிடத் தீவிரமாகத் திரும்பலாம். மாத்திரைகளை டிக்கியில் போகும் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, உடன் வருபவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்துக் குப்பியை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்துபோன இன்சுலின், பிறகு பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும், நம்பத் தகுந்ததல்ல.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் பெரிதாகப் பயமுறுத்த விரும்பவில்லை. பண்டிகையன்று ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்கு ஒன்றும் ஆகிவிடாது. வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே என்று மூன்று கிண்ணம் சாப்பிடுபவரைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. வெல்லத்திலும் பெரும்பகுதி, சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். உண்பதைக் காட்டிலும் உண்ணாமலிருப்பதே மார்கழியில் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வைகுண்ட ஏகாதசியன்று பகல் முழுவதும் பட்டினி கிடந்து, இரவு முழுவதும் கண்விழிக்கும் பெரியவர்கள், வழக்கம்போல் காலையில் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழறும் பேச்சு என மாலைக்குள் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் அதை விரதக் களைப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். விரதம் இருக்கவே கூடாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாளுக்கான அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து விரதத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

மது அருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஒரே இரவில் அளவு மீறிக் குடிப்பதால், இதய நோயே இல்லாதவர்களுக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பது 1978இலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டு, 'விடுமுறை இதயம்' என்று பெயரும் பெற்றுவிட்டது. ஜனவரி முதல் நாள் காலையில் படபடப்போடு வரும் இளைஞர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர்.

பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் ஒருவர் காலை ஆறு மணிக்கு எழுந்து, அலுவலகம் முடித்து, பெட்டி கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, நெரிசல் குறையட்டும் என்று இரவு பதினோரு மணிக்குக் காரை எடுக்கிறார். அந்த நேரத்தில் அவர் விழித்து பதினேழு மணி நேரமாகிறது. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மங்கிவிடுவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் வரம்போ 30 மில்லிகிராம். ஒரு சொட்டு மதுவையும் தொடாத அந்தக் குடும்பத் தலைவர், சுங்கச்சாவடியைத் தாண்டும்போதே குடித்தவருக்கு நிகரான நிலையில்தான் ஓட்டுகிறார். விடியற்காலை இரண்டு மணி முதல் ஐந்து மணிக்குள் அது மேலும் மோசமாகிறது. வழியில் டீ குடிப்பதும் முகம் கழுவுவதும் சிறிது நேரத்துக்கே உதவும். இரவில் தூங்கிவிட்டு, விடிந்த பிறகு கிளம்புவதே சரி. விபத்தில் யாரேனும் அடிபட்டிருப்பதைக் கண்டால், செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகப் பெறலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது, அறைக்குள் கரியை எரிக்காதீர்கள் என்பது. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் அங்கே புல்வெளிகளில் உறைபனி படிவது வழக்கம். சமவெளியிலிருந்து போனவர்களுக்கு அந்தக் குளிர் தாங்காது. மாலையில் வெளியே இறைச்சி வாட்டிய கரி அடுப்பைக் கனலோடு அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவந்து, கதவு சன்னல்களை இறுக மூடிக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை முதலில் வரும். மலைப் பாதை வளைவுகளில் வந்த களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த வாயுவைப் பிரித்தறியாது. மயங்கிக் கிடப்பவரிடமும் 98 என்று காட்டக்கூடும். ஆகவே ஒரே அறையிலிருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால், உடனே அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108ஐ அழைத்து, அறையில் கரி எரிந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலால் ஆக்ஸிஜன் சிகிச்சை உடனே தொடங்கிவிடும்.

ஊரிலேயே இருக்கும் பெரியவர்களுக்கு மார்கழி விடியல் மனத்துக்கு இதமானதுதான். ஆனால் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் நாலரை மணிப் பனியில் நடைப்பயிற்சிக்குப் போவதைவிட, வெயில் வந்த பிறகு போவது மேல். போகியன்று பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பது தெருவிலுள்ள ஒவ்வோர் ஆஸ்துமா நோயாளிக்கும் செய்யும் தீங்கு. இன்ஹேலரை அன்று கையருகே வைத்திருங்கள்.

எல்லா வீடுகளிலும் பொங்கல் பொங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டில் ஒருவரை இழந்த வீட்டில் பண்டிகை கிடையாது. தெருவே கோலமும் கரும்புமாக இருக்கும்போது அந்த வாசல் மட்டும் வெறுமையாக இருக்கும். கணவரை இழந்த பெண்கள் பலர் அந்த வாரங்களில் தங்கள் மாத்திரைகளையே கைவிட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் அரைமணி நேரம் போய் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள். மனம் தாங்க முடியாமல் தவிப்பவர்கள் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இனி, புத்தாண்டு உறுதிமொழிகள். ஜனவரி முதல் தேதியில் பத்து கிலோ குறைக்கிறேன் என்று தொடங்குபவர்களைப் பிப்ரவரியில் காண்பது அரிது. அமெரிக்காவில் 195 பேரைக் கண்காணித்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், விடுமுறைக் காலத்தில் கூடிய எடை சராசரியாக 0.37 கிலோதான், ஆனால் அந்தச் சிறு எடை அடுத்த மாதங்களில் குறையவே இல்லை. அதனால் பெரிய சபதங்களைவிட, இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிட நடை, காலைக் காபியில் சர்க்கரையை நிறுத்துவது என, நாளில் ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு இணைந்த ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். லண்டனில் 96 பேரை வைத்து 2010இல் வெளியான ஆய்வு, ஒரு புதிய செயல் பழக்கமாகப் படிவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆவதாகவும், நடுவே ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் காட்டியது. ஜனவரி ஒன்றில் தொடங்கித் தவறவிட்டவர்களுக்கு இரண்டே வாரத்தில் தை முதல் நாள் வருகிறது. அன்று தொடங்கினால் பங்குனி முதல் வாரத்தில் 66 நாட்கள் நிறைகின்றன.

சர்க்கரை நோயாளிகள் அடுத்த எச்பிஏ1சி பரிசோதனையைப் பங்குனிக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சோதனை முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது என்பதால், ஜனவரியிலேயே எடுத்தால் பண்டிகைக் காலத்தின் கணக்குதான் பெரிதாகத் தெரியும். ஆனால் அதுவரை காத்திருக்கலாம் என்பது இந்த ஒரு சோதனைக்கு மட்டுமே பொருந்தும். ஆறாத கால் புண், மங்கும் பார்வை, படியேறினால் வாங்கும் மூச்சு ஆகியவற்றோடு இருப்பவர்கள் இந்த வாரமே வந்து காட்டுங்கள்; பண்டிகை விடுமுறையில் வெளிநோயாளிகள் பிரிவு மூடியிருந்தாலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும்.