31ஆம் நாளும் வயிற்றுப் பயிற்சியும்

சென்ற மாதம் மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஓர் இளந்தாய் நாரிநோவுக்கென்று என்னிடம் வந்தார். முதற்பிள்ளை, சாதாரணப் பிரசவம், பிள்ளைக்கு நான்கு மாதம். நோ எப்போது தொடங்கியது என்று கேட்டபோது, தொலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, 31ஆம் நாள் துடக்குக் கழிந்த மறுநாளிலிருந்தே காலையும் மாலையும் ஐம்பது ஐம்பது சிட்அப் செய்து வருவதாகச் சொன்னார். "ஒருநாளும் விடல்ல மிஸ். ஆனா வயிறு உள்ளுக்குப் போகுதில்ல, முன்னுக்குத்தான் வருது" என்றார். இருமினால் சலம் போவதை அவராகச் சொல்லவில்லை. கூட வந்திருந்த மாமியார் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகு, நான் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு ஆம் என்றார்.

இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இதே கதையை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அவரைக் கட்டிலில் மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால்களை மடித்து, தலையை மட்டும் மெல்லத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில், கவிழ்த்து வைத்த தோணியின் அடிப்பக்கம் போல ஒரு மேடு எழுந்தது. அந்த இடத்தில் விரல்களைக் குறுக்காக வைத்தபோது மூன்று விரல்கள் தடையின்றி உள்ளே இறங்கின. அவருடைய கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்துக் காட்டினேன். தன் வயிற்றின் நடுவில் தசையே இல்லாத ஒரு பள்ளம் இருப்பதை அவர் அன்றுதான் அறிந்தார். மூன்று மாதமாக அதைக் கொழுப்பு என்று நினைத்து அதனோடு போராடியிருக்கிறார்.

பிரசவத்தின் பின் தள்ளி நிற்கும் வயிறு முழுவதும் கொழுப்பு என்ற எண்ணந்தான் இத்தனைக்கும் வேர். வயிற்றின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றை நடுவில் இணைப்பது ஒரு நார்த்திசு. பிள்ளை வளர வளர அந்தத் திசு அகன்று மெலிந்து பட்டைகளுக்கு இடம்விட்டுக் கொடுக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் அனேகமாக எல்லாத் தாய்மாருக்கும் இந்த விலகல் இருக்கும், அதில் பிழை எதுவும் இல்லை. பிரசவத்தின் பின் முதல் எட்டு வாரங்களில் இடைவெளியின் பெரும்பகுதி தானாகவே குறையும், சிலருக்கு மட்டும் அகலமாகவே நின்றுவிடும். அந்த நிலையில் சிட்அப் செய்தால், மூச்சைப் பிடித்து எழும் ஒவ்வொரு தடவையும் வயிற்றுக்குள் எழும் அழுத்தம் பலமில்லாத நடுப்பகுதியை வெளியேயும், இடுப்புத்தளத்தைக் கீழேயும் தள்ளுகிறது. கொழுப்பைக் கரைக்கலாம் என்று செய்யும் பயிற்சி வயிற்றை இன்னும் முன்னே தள்ளுவதும் சலம் கசிவதும் இதனால்தான். வயிற்றை மட்டும் எவ்வளவு வருத்தினாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது என்பதையும், ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இடுப்புத்தளம் என்பது இடுப்பின் முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை தொட்டில்போல் விரிந்து, சலப்பையையும் கருப்பையையும் குடலின் கடைப்பகுதியையும் தாங்கி நிற்கும் தசைகளின் கூட்டம். பிள்ளை பெற்ற தாய்மாரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சலக் கசிவு இருக்கிறது. இவ்வளவு பேருக்கு இருப்பதால்தான் அதைச் சகசம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மாமியாருக்கும் இருந்தது, அம்மாவுக்கும் இருந்தது, ஆகவே எனக்கும் இருக்கும் என்று ஒரு பெண் இருபத்தைந்து வயதில் முடிவெடுத்து, தும்மும்போது கால்களைப் பின்னிக்கொண்டு வாழப் பழகுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இது பயிற்சியால் பெரும்பாலும் சரியாகக்கூடிய ஒன்று. அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கீகல் இத்தசைகளுக்கான பயிற்சியை 1948இலேயே எழுதி வெளியிட்டுவிட்டார்.

செய்யும் முறை எளிது. காற்றையும் சலத்தையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்நோக்கி மேலே இழுத்துப் பிடியுங்கள். மூச்சைப் பிடிக்கக்கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக்கூடாது. முதலில் மூன்று அல்லது ஐந்து வினாடி போதும், பின்னர் பத்துவரை கூட்டலாம். ஒவ்வொரு பிடிப்புக்குப் பிறகும் முழுவதுமாகத் தளர்த்துங்கள், தளர்த்தாத தசை பலப்படாது. ஒரு வேளைக்கு எட்டுத் தடவையாக நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். சலம் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். பிரசவமாகி நோ அனுமதித்தால் முதல் நாட்களிலேயே இதைத் தொடங்கலாம்.

"எனக்கு சிசேரியன்தானே" என்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒன்பது மாதம் பிள்ளையின் பாரத்தைத் தாங்கியது அவர்களுடைய இடுப்புத்தளமும்தான். தோலில் தையல் காய்ந்து அழகாகத் தெரிவதை வைத்து உள்ளே ஆறிவிட்டது என்று கணக்குப் போடுவது இன்னுமொரு ஆபத்து. வயிற்றுச் சுவரின் உறுதியான உறை ஆறு வாரத்தில் தன் பழைய வலுவில் பாதிக்குச் சற்று மேலேதான் மீட்டிருக்கும். ஆறு வாரம்வரை பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்கக்கூடாது, படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழாமல் ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும்.

அசையாமல் கிடப்பதும் தவறு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். சரக்குக் கறியும் சுறாப்புட்டும் முருங்கையிலையும் கொடுங்கள், தாயை வேலை செய்ய விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவளுக்கு அது தேவை. ஆனால் அறைக்குள்ளேயே நாள்முழுக்கப் படுக்கவைக்காதீர்கள். பிரசவத்தின் பின் முதல் வாரங்களில் கால் இரத்தநாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடுதலாக இருக்கிறது, வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நடப்பது அதைக் குறைக்கும். வயிற்றைச் சேலையால் மூச்சுமுட்ட இறுக்கிக் கட்டுவதால் தசை கூடி வந்துவிடாது. மிதமான உடற்பயிற்சியால் தாய்ப்பால் வற்றுவதோ கெடுவதோ இல்லை.

நடை படிப்படியாகக் கூடட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல், தடையான நோய் எதுவும் இல்லாத பிரசவித்த தாய்க்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. அது சில மாதங்களில் எட்டவேண்டிய அளவு, முதல் வாரத்திலேயே வேண்டியதில்லை. கல்லடிக் கடற்கரையில் நடப்பவர்கள் முதலில் வீதியோரத்தில் நடவுங்கள், கால் புதையும் மணலில் நாரி சீக்கிரம் களைத்துவிடும். ஓட்டம், ஸ்கிப்பிங், துள்ளும் பயிற்சிகள் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம், அதன் பின்னும் கசிவு இருந்தால் வேண்டாம். 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களும், விடுமுறை என்பதே இல்லாமல் வயலுக்கும் மருதமுனையில் தறிக்கும் போகிறவர்களும் பாரம் தூக்குமுன் மூச்சை வெளியே விட்டு, இடுப்புத்தளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கப் பழகுங்கள்.

நின்றுபோன உதிரப்போக்கு மீண்டும் சிவப்பாக வந்தால், அடியில் ஏதோ இறங்குவதுபோல் பாரமாக இருந்தால், தையல் இடம் நொந்தால், பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்தத் தாய் சிட்அப்பை விட்டு ஐந்து வாரமாகிறது. இருமும்போது கசிவு குறைந்திருக்கிறது, இடைவெளி இன்னும் இரண்டு விரல் இருக்கிறது, நாரிநோ இல்லை. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் சொன்னால் அவர் வழிகாட்டுவார். பெரிய அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. வரும்போது மாமியாரையும் கூட்டி வாருங்கள். அந்தத் தாயின் மாமியாரை இரண்டாம் முறை உள்ளே அழைத்து உட்காரவைத்து இதையெல்லாம் விளக்கியபோது, தனக்கும் முப்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறது, இனியும் அந்தப் பயிற்சியைச் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம் என்றேன்.