மகிந்தவா, மைத்திரியா? எடைபோட முதல் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள்

கிளிநொச்சியில் என் சட்ட அலுவலக வாசலில் ஒரு நீள வாங்கு கிடக்கிறது. நீதிமன்றம் கூடும் நாட்களில் அதில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். காணி வழக்கு, பராமரிப்பு வழக்கு, காணாமல் போனவரின் பெயரில் முடங்கிக் கிடக்கும் வங்கிப் புத்தகம் என்று ஆளுக்கொரு கோப்பு மடியில் இருக்கும். தேர்தல் பேச்சு வந்தால் அந்த வாங்கு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒருநாள் வட்டக்கச்சிப் பக்கத்து ஐயா ஒருவர் தொடக்கிவைத்தார்: “என்னதான் சொன்னாலும் மகிந்த ரோட்டுப் போட்டவர், ரயில் விட்டவர், கரண்ட் தந்தவர். பின்னால வந்த மைத்திரி என்னத்தைச் செய்தவர்?” முல்லைத்தீவில் இருந்து வந்திருந்த அம்மா விடவில்லை: “அவர் இருக்கேக்கதான் எங்கட காணி வந்தது. ரோட்டில இருந்து அழுறதுக்காவது விட்டவங்கள்.”

2015 ஜனவரி வரை ஜனாதிபதியாக இருந்த மகிந்த ராஜபக்சவையும் அவருக்குப் பின் வந்த மைத்திரிபால சிறிசேனவையும் எடைபோடும் பேச்சு இது. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே பிழையை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒருவர் காலத்தில் நடந்தது எல்லாவற்றையும் அவரே செய்ததாக எழுதிவிடுகிறோம். நீதிமன்றத்தில் இப்படி ஒரு வாதத்தைக் கொண்டுபோனால் நீதவான் ஒரு நிமிடம்கூடக் கேட்கமாட்டார். யார் தொடங்கியது, யாருடைய பணம், யார் கையொப்பம், எந்தத் திகதி என்று கேட்பார். நாமும் அதையே கேட்கவேண்டும்.

ஐயா சொன்ன ரயிலையே எடுப்போம். கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது 2013 செப்டெம்பர் 14இல். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 2014 ஒக்டோபரில். இரண்டும் மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியாக இருந்தபோது நடந்தவை, அதை யாரும் மறுக்க முடியாது. பாதையைப் போட்டது இந்தியாவின் இர்கொன் நிறுவனம், பணம் இந்தியக் கடன். கடன் என்றால் பின்னால் வருகிறவர் கட்டவேண்டியது. தொடங்கியவருக்குப் புகழ், கட்டுகிறவருக்குக் கெட்ட பெயர் என்று ஆகிவிடக்கூடாது. இந்திய வீட்டுத்திட்டமும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, அது இந்திய மக்களின் நன்கொடை. மகிந்த காலத்தில் அத்திவாரம் வெட்டி மைத்திரி காலத்தில் கதவு போட்டவர்கள் என்னிடம் வழக்குக்கு வருகிறார்கள். அந்த வீட்டை எந்த ஜனாதிபதியின் கணக்கில் எழுதுவது?

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் பாருங்கள். குளத்தைத் திருத்துவதற்கான ஏற்பாடும் வெளிநாட்டுக் கடனும் மகிந்த காலத்தவை. வேலை முடிந்து 2018 டிசெம்பரில் திறந்துவைத்தவர் மைத்திரிபால சிறிசேன. இரண்டு கிழமையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. திறந்த புகழையும் வெள்ளப் பழியையும் ஒரே ஆளின் தலையில் கட்டினால், அந்தக் குளத்தைப் பற்றி நாம் எதையுமே விளங்கிக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, காணிக்கு வருவோம். அம்மாவின் பக்கம் இங்கேதான் பலமாக இருக்கிறது, ஆனால் அவ சொன்ன காரணம் சரியில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது, முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்களைச் சொந்த ஊருக்கு விடவில்லை. சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களின் தென்னையும் கிணறும் படை முகாம் வேலிக்குள் இருந்தன. அப்போது ஜனாதிபதியின் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். 2010இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 18ஆம் திருத்தம் இரண்டு தவணைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டிருந்தது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை அவருக்கு இருந்தது. போரில் வென்ற தலைவர் என்பதால் தெற்கில் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. ஒரு உத்தரவு போட்டிருந்தால் முகாம் நகர்ந்திருக்கும். போடவில்லை. என் கணக்கில் அவருடைய ஆகப்பெரிய குறை இதுதான்: முடியாதவர் செய்யாமல் விட்டதையும் முடிந்தவர் செய்யாமல் விட்டதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனால் காணியை மைத்திரி தூக்கித் தந்தாரா? 2017 ஜனவரி கடைசியில் கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்புப் பெண்கள் குழந்தைகளோடு படை முகாம் வாசலில் போய் இருந்தார்கள். மாசி மாதப் பனியில், தகரத்துக்கும் தறப்பாளுக்கும் கீழே ஒரு மாதம். மார்ச் முதலாம் திகதி காணி விடப்பட்டது. அவர் பதவிக்கு வந்து இரண்டு வருடம் கழித்து, அதுவும் மக்கள் ரோட்டில் இருந்த பிறகு. இருந்தவர்களை அடித்துக் கலைக்கவில்லை என்பது அவர் கணக்கில் வரவேண்டும், முந்திய காலத்தில் அதற்கும் வழி இருக்கவில்லை. மீதிப் பெருமை அந்தப் பெண்களுடையது.

இனி என் தொழிலுக்கு மிகக் கிட்டவாக இருக்கும் விசயத்தைச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு அம்மா, பெயரும் ஊரும் வேண்டாம், நெகிழிப் பைக்குள் நான்காக மடித்த விண்ணப்பப் படிவம் ஒன்று வைத்திருந்தா. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது. 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் கையளித்தவ. அந்தப் படிவம் மரணத்தைப் பதிவதற்கானது. சாதாரணமாக ஒருவரைப் பற்றி ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால்தான் சட்டம் அவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போரில் காணாமல் போனவர்களுக்கு அதை ஒரு வருடமாகக் குறைத்தது. உதவி என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். உண்மையில் சில குடும்பங்களுக்கு உதவியும்தான். ஆனால் கணவரைத் தன் கையால் ஒப்படைத்த ஒருத்தியிடம், அரச உதவி வேண்டுமென்றால் அவர் செத்துவிட்டார் என்று கையொப்பம் வை என்று கேட்டால் அவ என்ன செய்வா? அவ வைக்கவில்லை. பிள்ளைகளின் பெயருக்குக் காணி மாற்ற முடியாமல், வங்கியில் ஒரு சதம் எடுக்க முடியாமல் வருடக்கணக்கில் கிடந்தா.

2016இல் அதே சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது, 16ஆம் இலக்கச் சட்டம். ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் கிடைக்க வழி பிறந்தது. அதை வைத்து அவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் கேட்கலாம், அரச கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு ஜனாதிபதிகளுக்கும் இடையில் நான் பார்த்த ஆகப்பெரிய வித்தியாசம் இந்த ஒரு கடதாசியில் இருக்கிறது. ரோட்டைப்போல இது கண்ணுக்குத் தெரியாது. யாரும் நாடா வெட்டித் திறக்கவும் இல்லை.

அதற்காக மைத்திரி காலத்தை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அந்தச் சான்றிதழ் காணாமல் போனவர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது, ஆணையாளர்களை நியமிக்க 2018 ஆகிவிட்டது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் போனவர்களின் உறவுகள் இருந்த போராட்டம் மைத்திரி காலத்தில்தான் தொடங்கியது, அவர் காலத்தில் முடியவும் இல்லை.

இன்னொரு சட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கும். 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம், ஆட்சியுரிமை பற்றியது. உங்கள் உறுதிக்காணியில் வேறொருவர் பத்து வருடம் தடையில்லாமல் இருந்தால் காணி அவருக்கே போகலாம் என்பது பொதுச் சட்டம். இடம்பெயர்ந்து ஓடிய எங்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு இந்தச் சட்டம் இடம் தந்தது. நல்ல சட்டம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். மாங்குளம் பக்கத்து ஐயா ஒருவர் தாத்தாவின் உறுதியோடு என்னிடம் வந்தது 2019இல். தவணை முடிந்துவிட்டிருந்தது. அவர் போய்க் கேட்ட அலுவலகங்களில் ஒருவரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. சட்டம் போட்டவருக்குப் பாதிப் புள்ளி கொடுக்கிறேன். வன்னியின் கிராமங்களுக்கு அதை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சொல்லாததற்கு மீதிப் புள்ளியைக் கழிக்கிறேன். அந்தக் கழிப்பில் எங்களைப் போன்ற சட்டத்தரணிகளுக்கும் பங்கிருக்கிறது.

இன்னும் இரண்டு விசயம், சுருக்கமாக. வடமாகாண சபைத் தேர்தலை 2013 செப்டெம்பரில் நடத்தியது மகிந்த அரசு. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபோது அடுத்த தேர்தலை வைக்காமல் விட்டது மைத்திரியும் அப்போதைய பிரதமர் ரணிலும் சேர்ந்த அரசு. எங்கள் ஆட்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இருவருமே நீக்கவில்லை.

அப்புறம், ஒருவர் பதவியை விட்டுப் போன பிறகு எது மிஞ்சியது என்ற கேள்வி. மைத்திரி தந்த 19ஆம் திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கட்டியது. 2018 ஒக்டோபர் 26இல் அவரே மகிந்தவைப் பிரதமராக்கினார், பிறகு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னார்கள். எந்தச் சட்டத்தை வைத்துச் சொன்னார்கள்? அவர் கொண்டுவந்த அதே 19ஐ வைத்து. ஆள் தடம் மாறினாலும் போட்ட வேலி நின்றது. 2020இல் கோட்டாபய காலத்து 20ஆம் திருத்தம் அந்த வேலியைப் பிடுங்கியது, 2022இல் 21ஆம் திருத்தம் கொஞ்சத்தைத் திரும்ப நட்டது. இத்தனை இழுபறிக்கும் தப்பி நிற்பது தகவல் அறியும் உரிமை, 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம்.

வாங்கில் சண்டை பிடித்த ஐயாவிடம் அதைத்தான் எடுத்துச் சொன்னேன். உங்கள் ஊர் ரோட்டுக்கு எந்த வருடம் காசு ஒதுக்கினார்கள், ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு இருக்கிறது, அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். ஐயா படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

நெகிழிப் பை அம்மாவுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. போன கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்தா. மேசையில் விரித்து, மடிப்பு விழாமல் இரண்டு கையாலும் தடவிவிட்டுக் கேட்டா:

“பிள்ளை, ஆள் மாறி ஆள் வந்தாலும் இந்தக் கடதாசி செல்லுமோ?”

“ஆள் மாறினதால செல்லாமப் போகாது அம்மா. இது சட்டம். நாடாளுமன்றம் கூடித்தான் மாத்தலாம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

“அப்ப மாத்தவும் ஏலும் எண்டுறியள். நாலு கொப்பி எடுத்து, சரியெண்டு சீல் குத்தித் தாங்கோ.”