நோயின் பெயர் மட்டும் போதாது: தபால் ஊழியரின் சுகயீன லீவும் மருத்துவ ஓய்வும்

நீண்டநாள் நோயில் விழுந்த இலங்கைத் தபால் ஊழியரின் ஓய்வூதியம் பறிபோவதற்கு நோயைவிட அடிக்கடி காரணமாவது ஒரு பக்கக் கடிதம். முழங்கால் தேய்ந்து, சைக்கிள் மிதிக்க ஏலாமல், லீவும் முடிந்து, கந்தோரிலும் முகம் கொடுக்கக் கூச்சப்பட்டு, 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்காரருக்கும் அப்போது அது கௌரவமான முடிவாகத் தெரியும். ஆனால் அரச ஓய்வூதிய விதிகளான ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி ராஜினாமாச் செய்தவருக்கு ஓய்வூதிய உரிமை இல்லை. இருபத்தைந்து வருடச் சேவை இருந்தாலும் அப்படித்தான். மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெறுவது வேறு பாதை, அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டும். ஆகவே நோயில் இருக்கும்போது 'விலகுகிறேன்' என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதவே வேண்டாம்.

இரண்டாவது பொறி, சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விடுவது. தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தங்கியிருப்பவரோ, கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டவரோ கந்தோருக்கு எழுத வேண்டும் என்று நினைக்கும் நிலையில் இருக்கமாட்டார். அனுமதியில்லாத வரவின்மை நீண்டால் பதவியை வெறிதாக்கிச் சென்றதாக, அரச ஊழியருக்கான விதித் தொகுப்பான தாபன விதிக்கோவையின்படி அறிவித்தல் வரும். அந்த நிலையிலும் ஓய்வூதியம் கிடையாது. தபால் அதிபருக்குத் தொலைபேசியில் சொன்னது நல்லதுதான், ஆனால் உங்கள் சுயவிபரக் கோவையில் அது பதியாது. மனைவியோ பிள்ளையோ கையெழுத்திட்ட கடிதம் ஒன்று, மருத்துவச் சான்றிதழின் பிரதியுடன் பதிவுத் தபாலில் போகட்டும்; பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நெடுந்தீவில் கடமையாற்றுபவர் என்றால் படகு ஓடாத நாளையும் கணக்கில் வையுங்கள். ஊரெல்லாம் பதிவுத் தபால் ஒப்படைக்கிறவரே தன் கடிதத்துக்குப் பற்றுச்சீட்டு வைத்திருக்காதது இந்த விடயத்தில் அடிக்கடி காணும் வேடிக்கை. அறிவித்தல் ஏற்கனவே வந்திருந்தால் அதில் சொல்லப்பட்ட கால எல்லைக்குள் சான்றுகளோடு விளக்கம் கொடுங்கள்.

இனி லீவுக் கணக்கு. நிரந்தர ஊழியருக்கு வருடத்துக்குச் சமயோசித (திடீர்த் தேவைக்கான), சுகயீன லீவு 21 நாள், ஓய்வு லீவு (வருடாந்த விடுமுறை) 24 நாள், ஆக 45 நாள். நோய் நீண்டால் முந்தைய இரண்டு வருடங்களில் எடுக்காமல் விட்ட ஓய்வு லீவையும் கேட்கலாம். அதை அலுவலகம் தானாகவே சேர்த்துவிடும் என்று இருக்காதீர்கள். விண்ணப்பத்தில் வருடத்தையும் மீதி நாட்களையும் நீங்களே குறிப்பிடுங்கள். அதுவும் தீர்ந்த பிறகு அரைச் சம்பள லீவு, கடைசியில் சம்பளமற்ற லீவு.

முழுச் சம்பள லீவில் இருக்கும்போதே வீட்டுக்கு வரும் காசு குறைந்துவிடும். தபாலில் பலருடைய குடும்பச் செலவு மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பியே ஓடுகிறது, வேலைக்குப் போகாத நாளுக்கு அது இல்லை. அரைச் சம்பளத்துக்கு வந்ததும் இடர்கடன், வங்கிக்கடன் தவணைகள் பழைய அளவிலேயே நிற்கும். அரைச் சம்பளம் தொடங்கப் போகிறது என்று தெரிந்தவுடனேயே வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றச் சொல்வது நல்லது. இரண்டு மாதம் பிந்திப் போனால் நிலுவைக்காரராகத்தான் பேச வேண்டியிருக்கும்.

சம்பளமற்ற லீவு இன்னும் ஆழமாக வெட்டும். அந்தக் காலம் ஓய்வூதியத்துக்குரிய சேவையிலிருந்து கழிபடும், சம்பள ஏற்றத் திகதியும் தள்ளிப்போகும். மாதாந்த ஓய்வூதியத்துக்கு ஆகக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும் என்பதால், ஒன்பதரை வருடத்தில் நிற்கும் ஒருவருக்கு எட்டு மாதச் சம்பளமற்ற லீவு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானவர் மருத்துவ ஓய்வைக் கேட்பதற்கு முன் சேவைக் கணக்கை மாதம் மாதமாக எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கூடுதலாகப் பிழைப்பது மருத்துவச் சான்றிதழ். 'நீரிழிவு, உயர் குருதியமுக்கம்' என்று இரண்டு சொல் எழுதிய தாள் எதையும் நிரூபிக்காது. யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டும் உள்ள எத்தனையோ பேர் தினமும் வேலைக்குப் போகிறார்கள். தீர்மானிப்பவர்கள் தேடுவது, இந்த மனிதரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதை. காலில் புண் ஆறாமல் இருக்கிறது, பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது, சப்பாத்துப் போட்டு நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ கூடாது, எவ்வளவு காலத்துக்குக் கூடாது என்று எழுதியிருந்தால்தான் அது பயன்படும். முதுகு நோ என்றால் குனிதல், பை தூக்குதல், தொடர்ந்து நிற்றல் எவ்வளவு ஏலும் என்பது வேண்டும். வைத்தியருக்குத் தபால் வேலை தெரிந்திருக்க நியாயமில்லை. விநியோகப் பாதை எத்தனை கிலோமீற்றர், பாதி கல்லொழுங்கையா, பையின் பாரம் எவ்வளவு, கருமபீடத்தில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

எலும்பு முறிவுக்கு எண்ணெய்க் கட்டுப் போடும் முறிவு நெரிவு நாட்டு வைத்தியத்தில் எங்கள் ஆட்களுக்கு உள்ள நம்பிக்கையைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. ஆனால் விழுந்தவுடன் எக்ஸ்றே எடுக்காமல் மூன்று வாரம் எண்ணெய்க் கட்டில் இருந்தவருக்கு அந்த மூன்று வாரத்துக்கும் காட்டத் தாள் எதுவும் இருக்காது. முதலில் அரச வைத்தியசாலையில் பதிவும் படமும், மற்றது பிறகு.

கடமையில் நடந்த காயத்தை வேறாகப் பிரித்து வையுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அன்றைக்கே தபால் அதிபருக்கு எழுத்தில் அறிவித்தலும் வேண்டும்: நேரம், ஒழுங்கை, எந்த விநியோகத்தில், கண்டவர் யார். மோட்டார் சைக்கிள் மோதியது என்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் சேரட்டும். அரச ஊழியர் காயத்துக்கான நட்டஈட்டைப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 22/93 இன் கீழும் அதன் திருத்தங்களின் கீழும் கேட்கலாம். ஆறு மாதம் கழித்து 'அது வேலை நேரத்தில் நடந்தது' என்று சொன்னால் நம்ப வைப்பது கடினம். வைத்தியசாலைச் செலவுக்கு, அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி தனி வழி. வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் காட்டையும் மூலப் பற்றுச்சீட்டுகளையும் தொலைக்காதீர்கள்.

வேலைக்குத் தகுதியா என்று முடிவு சொல்லும் வைத்திய சபைக்கு ஊழியர் தானாகப் போய் நிற்க முடியாது. கோரிக்கை தபால் அதிபர், அத்தியட்சகர் வழியாகத் திணைக்களத்திலிருந்து போக வேண்டும். சபைக்குக் கொண்டுபோகும் கோவையைத் திகதி ஒழுங்கில் அடுக்குங்கள்: டயக்னோசிஸ் காட்டுகள், கிளினிக் புத்தகம், படங்கள், சத்திரசிகிச்சைக் குறிப்பு, தற்போதைய மருந்துகள், மேலே சொன்ன கடமை விபரம். குறித்த நாளில் போக முடியாவிட்டால் முன்கூட்டியே எழுதி வேறு திகதி கேளுங்கள்.

முடிவு ஒரே மாதிரி வராது. முழுத் தகுதி, சில காலத்தில் மீண்டும் பரிசோதனை, இலகு கடமை, நிரந்தரத் தகுதியின்மை என நான்கு விதமாக வரலாம். இலகு கடமையை அவமானமாக நினைத்து மறுப்பவர்கள் உண்டு. பை சுமந்தவர் தரம்பிரிப்பிலோ கருமபீடத்திலோ இருந்து இன்னும் சில வருடச் சேவையைச் சேர்த்தால் ஓய்வூதியம் கூடும், ஆகவே மறுக்க முன் கணக்குப் பாருங்கள். ஓய்வுக்குத் தேவையானது 'நிரந்தரமாகத் தகுதியற்றவர்' என்ற தெளிவான சொல். 'மூன்று மாதம் ஓய்வு தேவை' என்ற முடிவை வைத்து ஓய்வு பெற முடியாது.

ஓய்வு அங்கீகரிக்கப்பட்ட பின் தாமதம் பெரும்பாலும் பெயரில்தான் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, திருமணப் பதிவில் தகப்பன் பெயர் முன்பின். 1995 இடப்பெயர்வில் தாள்களை இழந்தவர்களுக்கு நியமனக் கடிதம், நிரந்தரமாக்கல் கடிதம், சம்பள ஏற்றப் பதிவுகளிலும் இடைவெளி இருக்கும். இவற்றை நோயோடு அலைந்து தேடுவதைவிட, லீவு தொடங்கும்போதே சுயவிபரக் கோவையைப் பார்க்க அனுமதி கேட்டு, குறைகிறதை எழுதிக் கொண்டு பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுப்பது இலகு. ஊழியர் இறந்தால் குடும்பத்துக்குப் போகும் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்தின் இலக்கமும் வாழ்க்கைத்துணையின் பெயரும் சரியா என்று அதே நாளில் பாருங்கள்.

பணிக்கொடையாக வரும் மொத்தத் தொகை 24 மாத ஓய்வூதிய அளவில் இருக்கும். கடன் நிலுவை, முத்திரைக் கணக்கின் குறை, தீராத கணக்காய்வு வினா எல்லாம் அதிலிருந்தே அறவிடப்படும். காசு கையாண்டவர்கள் பொறுப்பை ஒப்படைக்கும்போது எண்ணிக் கையெழுத்து வாங்கிய தாளின் ஒரு பிரதி தங்களிடம் வைத்திருக்க வேண்டும். கொடுப்பனவு பிந்தினால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் விசாரிக்கலாம். ஓய்வூதியத் திணைக்களத்தின் தொலைபேசி இலக்கம் 1970.